உழைப்பவர் உணவும் உடல்நலமும்

(வெள்ளி விழா நல்வாழ்வு அரங்கில் ஆற்றிய உரை)



கல்வி விழாவில் சோற்றைப் பற்றிப் பேச வந்துள்ளோம். அரும்பாடுபட்டுப் பெற்ற கல்வியால் கிடைத்த வேலையை நாற்பது வயதிலேயே நோய் பறித்துக்கொள்ளுமானால், அக்கல்வியின் பயன் பாதியில் நின்றுவிடும் அன்றோ?

1891-இல் செங்கற்பட்டு மாவட்டக் கலெக்டர் திரமென்ஹீர் நம் முன்னோரின் வறுமையை அரசுக்கு அறிக்கையாக எழுதினார். நாம் கூடியிருக்கும் இவ்வட்டாரமும் அன்று அம்மாவட்டத்தைச் சேர்ந்ததே. அன்று நம்மை வாட்டிய நோய் பசி. இன்றோ காலம் மாறிவிட்டது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் கார் உற்பத்தி தொடங்கியது. பின்னர் ஒரகடம், வல்லம் எனத் தொழிற்சாலைகள் பெருகின. வயலில் குனிந்து நிமிர்ந்த உடல் இன்று எட்டு மணி நேரம் இயந்திரத்தின் முன் ஓரிடத்தில் நிற்கின்றது. இரவு ஷிப்டு முடிந்தால் பரோட்டா. தூக்கம் விரட்டத் தேநீர். சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் இவ்வழியே நம் குடிசைக்குள்ளும் நுழைந்துவிட்டன. நாட்டில் பத்துக் கோடிக்கும் மேற்பட்டோர்க்கு நீரிழிவு உண்டென 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு மதிப்பிட்டது.

'இது பணக்காரர் நோய். ஒல்லியானவரை அண்டாது' என்போர் நம்மிடையே உளர். உண்மை வேறு. 1944-45-இல் ஹாலந்து நாட்டில் கொடும் பஞ்சம் நேர்ந்தது. அப்போது கருவிலிருந்த குழந்தைகள் வளர்ந்தபின், அவர்தம் உடல் சர்க்கரையைச் சரிவரக் கையாளவில்லை என மருத்துவர் கண்டனர். புனே நகரில் ஆராய்ந்த மருத்துவர் யாக்னிக், நம் நாட்டுக் குழந்தைகள் எடை குறைந்து பிறந்தாலும் உடலில் கொழுப்பின் பங்கு மிகுந்திருப்பதைக் காட்டினார். தலைமுறை தலைமுறையாகப் பசித்தவர்க்கே திடீரென வரும் மிகை உணவு பெருங்கேடு விளைவிக்கும் என்பது இதனால் புலனாகும். அண்ணல் அம்பேத்கரும் நீரிழிவால் பல்லாண்டு வருந்தி, 1956-இல் தம் 65-ஆம் வயதில் மறைந்தார்.

ஆயின், இந்நோய் தலைவிதியன்று. சென்னையில் மருத்துவர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரை ஆராய்ந்து 2006-இல் முடிவை வெளியிட்டனர். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டோரில் மூன்றாண்டுகளுக்குள் நூற்றுக்கு 55 பேர் நோய்வாய்ப்பட்டனர். உணவை ஒழுங்குபடுத்தி நாள்தோறும் நடந்தோரில் 39 பேரே அதனை அடைந்தனர். எடை பெரிதும் குறையாதபோதும் இப்பயன் கிட்டியது. எனவே, எடைக்கருவியின் முள் அசையவில்லையே என்று எவரும் மனந்தளர வேண்டா.

இந்தியரின் இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருத்தல் வேண்டும். 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் ஏறத்தாழ 59 கிலோவைத் தாண்டினால் விழித்துக்கொள்ள வேண்டும்.

இனி, உண்பது யாது? கேழ்வரகு, முருங்கைக்கீரை, கருவாடு, மாட்டிறைச்சி ஆகியவற்றை உண்டதற்காக நம்மை இழித்துரைத்தனர். அவ்வுணவில் இழிவு ஏதுமில்லை. இரும்பும் புரதமும் உண்டு. எனினும் அளவு வேண்டும். இறைச்சியைக் கொழுப்பு நீக்கிக் குழம்பாக்குக. கருவாட்டை நன்கு ஊறவைத்து, அலசி உப்பைப் போக்குக. நாளொன்றுக்கு ஒருவர்க்கு 5 கிராம் உப்புக்கு மேல் ஆகாது. தட்டில் பாதி காயும் கீரையும், கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ இருக்கட்டும். ஐந்து முறை தேநீர் அருந்துவோர், ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை இட்டால் நாளுக்கு ஏறக்குறைய 40 கிராம் ஆகின்றது. 25 கிராமுக்குள் நிற்பது நலம்.

எல்லாப் பொறுப்பையும் தனியொருவர் தலையில் சுமத்துதல் முறையாகாது. 2021 டிசம்பரில், சுங்குவார்சத்திரத்துக்கு அருகே உள்ள ஆலையொன்றின் பெண் தொழிலாளர் விடுதியில் கெட்ட உணவால் 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அப்பெண்கள் நெடுஞ்சாலையில் அமர்ந்து போராடிய பின்னரே நாடு திரும்பிப் பார்த்தது. 250 பேருக்கு மேல் பணியாற்றும் ஆலைகளில் கேன்டீன் அமைக்கவும், அதன் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகள் இடம்பெறவும் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே வழிவகுத்தது. 2020-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்போ, ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்து 100 பேர் இருந்தாலே கேன்டீன் வேண்டும் என்றது. படித்த நம் பிள்ளைகள் இச்சட்டங்களைப் படித்து, கேன்டீனில் காயும் முட்டையும் கேட்டுப் பெறுதல் வேண்டும். அதுவும் கல்வியின் பயனே.

முப்பது வயதைக் கடந்தோர் அனைவரும் ஆண்டுக்கொரு முறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்க. நம் கழகத்தின் மாலைப் பள்ளிதோறும் ஓர் எடைக்கருவியும் ஓர் அளவு நாடாவும் இருக்க வேண்டும் என முன்மொழிகின்றோம். செலவு சிறிது, காக்கப்படும் உயிரோ பெரிது. அடுத்த இருபத்தைந்தாம் ஆண்டு விழாவுக்கு இங்குள்ள அனைவரும் நலத்துடன் நடந்து வருதல் வேண்டும்.