மனநோயுற்றாரைப் பேணும் முறை

(நமது ஜமாஅத்தின் மருத்துவ உதவிக் குழு நடத்திய கூட்டத்தில், மனநலச் செவிலியராக நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற சகோதரி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மனநோய் பற்றிப் பேச மருத்துவரை அழைக்காமல் ஒரு செவிலியை ஏன் அழைத்தார்கள் எனத் தங்களுள் சிலர் எண்ணக்கூடும். மருத்துவர் நோயாளியுடன் இருப்பது சில நிமிடங்களே. எஞ்சிய நேரமெல்லாம் மருத்துவமனையில் உடனிருப்பவர் செவிலியர். வீட்டில் உடனிருப்பவர்கள் உம்மாவும் வாப்பாவும், மனைவியும், உடன்பிறந்தாரும். அந்த வகையில் என் தொழிலும் தங்கள் வீட்டாரின் தொழிலும் ஒன்றே. ஆதலால் மருந்துகளின் பெயர்களை அடுக்கிக் கூறாமல், பேணும் முறையைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

2015–16 ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசிய மனநல ஆய்வு, நம் நாட்டில் வயது வந்தோருள் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று மேலாக (10.6 விழுக்காடு) ஏதேனும் ஒரு மனநலக் குறைபாட்டுடன் வாழ்கிறார்கள் எனக் கண்டது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் சிகிச்சை பெறாதவர்கள் என்பதும் அதே ஆய்வின் முடிவாகும். நம் மஹல்லா இதற்கு விலக்காக இருக்க இயலாது. ஆயினும் நம் தெருக்களில் சர்க்கரை நோயாளியைத் தெரியும், இருதய நோயாளியைத் தெரியும், மனநோயாளியைத் தெரியாது. அவர் உள்ளறையில் இருக்கிறார்.

2001 ஆம் ஆண்டு ஆகஸ்டு 6 ஆம் நாள் அதிகாலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளர் விடுதி ஒன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றி எரிந்தது. உள்ளே இருந்தவர்களால் ஓட இயலவில்லை. அவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். 28 பேர் மாண்டனர். அவ்விடுதி தர்ஹாவுக்கு உரியதன்று. தர்ஹாவை நாடி வந்த குடும்பங்களிடம் பணம் பெற்று நோயாளரை வைத்துக்கொண்ட தனியார் விடுதிகளுள் ஒன்று. ஏர்வாடிக்கு வருவோரோ எல்லாச் சமயத்தாரும் ஆவர். உச்ச நீதிமன்றம் தானாகவே இதனை வழக்காக எடுத்துக்கொண்டது. அங்கிருந்த விடுதிகள் மூடப்பட்டன.

அந்நிகழ்ச்சியைப் பற்றி எழுதியவர்கள் விடுதி நடத்தியவர்களைக் கண்டித்தார்கள், அது சரியே. ஆனால் அந்த 28 பேரையும் அங்கே கொண்டுவந்து விட்ட குடும்பத்தாரைப் பற்றி நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அவர்கள் கொடியவர்கள் அல்லர் என்பதே என் கருத்து. களைத்துப் போனவர்கள். பல இரவுகள் உறங்காதவர்கள். என்ன செய்வது எனச் சொல்லித் தர ஒருவரும் இல்லாதவர்கள்.

சங்கிலியைக் கழற்றிய வரலாற்றிலும் செவிலியர்களுக்கு ஓர் இடம் உண்டு. பிரான்சு நாட்டின் பாரிசு நகரை அடுத்த பிசெத்ர் மருத்துவமனையில் 1797 ஆம் ஆண்டு மனநோயாளரின் சங்கிலிகளை நீக்கியவர் ழான் பாப்திஸ்த் புசேன் என்பவர். பாடநூல்களில் மருத்துவர் பினெலின் பெயரே பெரிதாகக் காணப்படும். புசேன் மருத்துவர் அல்லர். தொழிலால் தோல் பதனிடுபவர். கண்டமாலை நோய்க்காக அதே மருத்துவமனையில் நோயாளியாகச் சேர்ந்து, குணமடைந்தபின் அங்கேயே பணியாளராகி, மேற்பார்வையாளராக உயர்ந்தவர். நோயாளரை அடிக்கும் பணியாளரை அவர் வேலையில் வைத்துக்கொள்ளவில்லை. நோயிலிருந்து மீண்டவர்களையே பணியாளராக அமர்த்தினார். பினெல் இதனை அவரிடம் கண்டு கற்றார்.

நம்மவர் வரலாற்றிலும் இதற்குச் சான்றுகள் உள்ளன. அலெப்போ நகரில் 1354 ஆம் ஆண்டு அமைந்த அர்கூன் பீமாரிஸ்தானில் மனநோயாளருக்கெனத் தனி முற்றமும் நீரூற்றும் இருந்தன. துருக்கியின் எதிர்னே நகரில் சுல்தான் இரண்டாம் பாயசீத் 1488 இல் நிறுவிய மருத்துவமனையில் நீரின் ஒலியையும் இசையையும் கொண்டு நோயாளரை அமைதிப்படுத்தினர். அபூ ஸைத் அல்பல்கீ என்னும் அறிஞர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே உடல் நலத்தையும் உள நலத்தையும் ஒரே நூலில் வைத்து எழுதினார். அக்கால மருத்துவமனைகளிலும் சங்கிலி இருந்ததுண்டு. பெருமை பேசுவதற்காக அதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

இனி, வீட்டில் நடந்துகொள்ள வேண்டிய முறைக்கு வருகிறேன்.

மனச்சிதைவு நோயுற்ற ஒருவர், தம் சோற்றில் நஞ்சு கலக்கப்பட்டிருக்கிறது எனக் கூறுகிறார். வீட்டார் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள்: "பைத்தியமா உனக்கு?" என வாதிடுகிறார்கள், அல்லது, "ஆமாம், அடுத்த வீட்டுக்காரர்தான் கலந்தார்" என ஒத்துப் பாடுகிறார்கள். இரண்டும் தவறு. வாதத்தால் அந்த எண்ணம் நீங்காது. அது நோயின் கூறு. ஒத்துப் பாடினாலோ அச்சம் வேரூன்றும். நாங்கள் கற்ற முறை வேறு. "எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் தங்களுக்கு மிகவும் பயமாக இருக்கிறது என்பது புரிகிறது" எனச் சொல்வோம். எண்ணம் பொய்யாக இருக்கலாம்; அச்சம் மெய்யானது. மெய்யானதற்கு மறுமொழி கூறினால் மனிதர் நம்மை நம்பத் தொடங்குவார். நம் வீடுகளில் சஹனைச் சுற்றி அமர்ந்து ஒரே தட்டில் உண்ணும் வழக்கம் இன்றும் உள்ளது. நஞ்சு என அஞ்சுபவருக்கு அதைவிடச் சிறந்த ஏற்பாட்டை எந்த மருத்துவமனையும் செய்து தராது. அவர் கைபடும் இடத்திலேயே நாமும் கைவைத்து உண்போம், பேச்சே தேவையில்லை.

கோபத்தில் இருப்பவரிடம் பேசும்போது எதிரே நேராக நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில், இரண்டு கை தூரம் தள்ளி நிற்க வேண்டும். அவர் வெளியேறும் வழியை மறிக்கலாகாது. பேசுபவர் ஒருவராகவே இருக்க வேண்டும். நம் வீடுகளில் இதுதான் கடினம். மாமாவும் மச்சானும் பக்கத்து வீட்டாரும் ஒரே நேரத்தில் அறிவுரை கூறுவார்கள். 1952 இல் ஹில்டகார்ட் பெப்லாவ் என்னும் அமெரிக்கச் செவிலியர், செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையே உண்டாகும் உறவே சிகிச்சையின் பகுதி என ஒரு நூல் எழுதி நிலைநாட்டினார். அந்நாட்டில் மேற்பயிற்சி பெற்ற மனநலச் செவிலியர்கள் இன்று நோயைக் கணித்து மருந்தும் எழுதுகிறார்கள். நம் நாட்டில் அந்த அதிகாரம் எங்களுக்கு இல்லை. காது கொடுத்துக் கேட்க அதிகாரம் எதுவும் தேவையில்லை அல்லவா?

மருந்தைப் பற்றி ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஹாலோபெரிடால் போன்ற மருந்துகளைத் தொடங்கிய முதல் சில நாள்களில் சிலருக்கு, குறிப்பாக இளைஞர்களுக்கு, கழுத்து ஒருபுறமாகத் திருகிக்கொள்ளும். நாக்கு தடித்துப் பேச்சு குழறும். கண்கள் மேல்நோக்கிச் செருகி நிற்கும். இதைக் காணும் வீட்டார், ஷைத்தான் வெளிப்பட்டுவிட்டான் என அலறுகிறார்கள். மாத்திரையைக் குப்பையில் எறிந்துவிட்டு ஓதுபவரைத் தேடிப் போகிறார்கள். இது மருந்தின் பக்கவிளைவு. இதற்கு மாற்று மருந்து உண்டு. அருகிலுள்ள மருத்துவமனைக்கு உடனே சென்று ஊசி போட்டால் சிறிது நேரத்தில் தணிந்துவிடும். பின்னர் மருத்துவர் அளவைக் குறைப்பார், அல்லது வேறு மருந்துக்கு மாற்றுவார். இந்த ஒரு செய்தி தெரியாமல் சிகிச்சையை நிறுத்திய குடும்பங்கள் பலவற்றை என் பணிக்காலத்தில் கண்டிருக்கிறேன்.

ஓதிப் பார்ப்பதை நான் குறை கூறவில்லை. துஆ நோயாளிக்கும் வீட்டாருக்கும் ஆறுதல் தருகிறது. நோய்க்கு மருந்து தேடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்திருப்பதையும் தாங்கள் அறிவீர்கள். குஜராத் மாநிலத்தின் மீரா தாத்தார் தர்ஹாவில் 2008 ஆம் ஆண்டு 'தவா–துஆ' என்னும் முறை தொடங்கப்பட்டது. துஆவுக்கு வருவோரைத் தர்ஹாவின் முஜாவர்களே அருகிலுள்ள மனநல மருத்துவரிடம் அனுப்பி வைக்கிறார்கள். பின்னர் ஏர்வாடியிலும் அம்முறை வந்தது. மறுக்க வேண்டியது அடியையும், பட்டினியையும், புகையையும், சங்கிலியையும்தான்.

ரமளான் மாதத்தில் எங்கள் பிரிவில் கூட்டம் மிகும். பித்தெழுச்சியும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ நோய்க்கு லித்தியம் என்னும் மருந்து கொடுப்பார்கள். இரத்தத்தில் அதன் அளவு ஒரு குறுகிய எல்லைக்குள் நிற்க வேண்டும். உடலில் நீர் வற்றினால் அளவு ஏறி நஞ்சாகக்கூடும். கை நடுக்கம், வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம் ஆகியவை அதன் அறிகுறிகள். கண்டவுடன் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தூக்கம் குறைவதும் அந்நோயைக் கிளறிவிடும். தராவீஹ், ஸஹர் என இரவு துண்டுபடும்போது சிலருக்கு நோய் திரும்புகிறது. ஆகவே நோன்பு நோற்கலாமா, மாத்திரை நேரத்தை மாற்றலாமா என்பதை ஷஅபான் மாதத்திலேயே மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் தந்துள்ள சலுகையை எடுத்துச் சொல்ல இமாம் ஹஜ்ரத்தின் ஒரு சொல் போதும். என்னுடைய நூறு சொல் அதற்கு ஈடாகாது.

தாய்மார்களுக்கு ஒரு சொல். பிள்ளை பெற்ற முதல் இரண்டு வாரங்களுக்குள், ஆயிரம் பேரில் ஒருவர் இருவருக்குக் கடுமையான மனக்குழப்பம் வரும். உறக்கமே இராது; பிள்ளையைப் பற்றி விபரீதமாகப் பேசுவார். நாற்பது முடியட்டும் எனக் காத்திருக்கலாகாது. அன்றைக்கே அழைத்துச் செல்ல வேண்டும். தாய், பிள்ளை இருவர் உயிரும் அதில் அடங்கியிருக்கிறது. தகுந்த சிகிச்சையால் இந்நோயிலிருந்து பெரும்பாலோர் நன்கு மீள்கிறார்கள்.

திருமணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்னும் நம்பிக்கை நம்மிடையே வலுவாக உள்ளது. ஒரு பெண்ணை நினைவுகூர்கிறேன். நோயை மறைத்து நிக்காஹ் செய்துவைத்தார்கள். புகுந்த வீட்டில் யாரும் பார்த்துவிடக் கூடாது என அவள் மாத்திரையை நிறுத்தினாள். மூன்றாம் மாதம் நோய் திரும்பியது. தலாக் வரை பேச்சு வந்தது. கணவர் என்னிடம், "முன்பே சொல்லியிருந்தால் நான் மறுத்திருக்க மாட்டேனே" என்றார். மறுத்திருப்பாரோ என்னவோ, அது இறைவனுக்கே வெளிச்சம். அந்த வீட்டு மாமியாருக்குச் சர்க்கரை நோய். இரு வேளையும் மாத்திரை உண்டு. "தங்கள் மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்திலேயே மருமகளுடையதையும் வைத்து, இருவரும் சேர்ந்து சாப்பிடுங்கள்" என்றேன். அப்படியே செய்தார்கள். குடும்பம் நிலைத்தது.

இறந்துவிட எண்ணுகிறாயா என ஒருவரிடம் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டியதாகிவிடும் எனப் பலர் அஞ்சுகிறார்கள். அவ்வாறு ஆவதில்லை. நேரடியாகக் கேட்கலாம், கேட்கப்பட்டவர் பெரும்பாலும் அழுவார், பின்னர் பேசுவார். அந்நாள்களில் மாத்திரைகளும் பூச்சிமருந்தும் அவர் கைக்கு எட்டாமல் இருக்கட்டும். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கலாகாது என 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 115 ஆம் பிரிவில் கூறுகிறது. ஆகவே காவல் நிலையத்துக்கு அஞ்சி மருத்துவமனையைத் தவிர்க்க வேண்டாம். எவ்வகையிலும் சங்கிலியிடுவதை அச்சட்டத்தின் 95 ஆம் பிரிவு தடை செய்கிறது.

ஜமாஅத்திடம் ஒரு வேண்டுகோள். மாத்திரை உட்கொள்ள மறுப்பவர்களுக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசிகள் உள்ளன. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நோயாளியை அழைத்துச் சென்று வர, உடன் ஓர் ஆளும் போக்குவரத்துச் செலவும் வேண்டும். ஏழைக் குடும்பங்களில் அந்த ஒருநாள் கூலி இழப்பினாலேயே ஊசி தவறிப்போகிறது. பைத்துல்மாலிலிருந்து இதற்கென ஒரு சிறு தொகையை ஒதுக்கலாம். பெயர்களை அறிவிக்காமலேயே செய்யலாம்.

2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையின் எண் 14416. கட்டணம் இல்லை, இரவிலும் பேசலாம், தமிழிலும் பேசலாம். தனியே பேச விரும்பும் சகோதரிகளுக்காக, கூட்டம் முடிந்தபின் மதரஸாவின் பின்னறையில் மஃரிப் வரை இருப்பேன். வஸ்ஸலாம்.