புகைக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர் யார்?

(தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

பூமியின் உஷ்ணம் ஏறுகிறது. ஆலையில் நிற்கும் காலும் வயலில் குனியும் முதுகும் இதை அறியும். நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் எரிந்து எழும் கரியமில வாயு, ஆகாயத்தில் தங்கிச் சூட்டை வெளியே விடாமல் தடுக்கிறது. இதுதான் காரணம்.

குற்றம் யாருடையது? "வாங்கி எரிப்பது நீங்கள்தானே!" என்கின்றன எண்ணெய்க் கம்பெனிகள். அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ, ஓக்லண்டு நகரங்கள் தொடுத்த வழக்கில், 2018இல் ஷெவ்ரான் கம்பெனியின் வக்கீல் கோர்ட்டில் இதையே வாதாடினார். எண்ணெய் எடுப்பதல்ல, மக்கள் வாழும் முறையே காரணம் என்றார். அதற்கு முன்பே பி.பி. கம்பெனி, ஒவ்வொருவரும் தத்தம் புகைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள் என்று விளம்பரம் செய்தது. கடைக்காரன் தன் பேரேட்டைப் பூட்டி வைத்துவிட்டு, வாங்க வந்தவன் மடியைச் சோதிக்கிற கதை இது!

அந்தப் பேரேட்டில் என்ன இருந்தது? 1959இல் அமெரிக்க எண்ணெய்த் தொழிலின் நூற்றாண்டு விழாக் கூட்டத்திலேயே விஞ்ஞானி எட்வர்ட் டெல்லர் இந்த ஆபத்தை எடுத்துச் சொன்னார். 1977இல் எக்ஸான் கம்பெனியின் சொந்த விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக், நிர்வாகிகளிடமே விளக்கினார். அக்கம்பெனி விஞ்ஞானிகள் போட்ட உஷ்ணக் கணக்குகளில் பெரும்பாலானவை சரியாகவே இருந்தன என்று 2023இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வு காட்டியது.

தெரிந்த பின் செய்தது என்ன? 1997இல் பீஜிங் பெட்ரோலிய மாநாட்டில் எக்ஸான் தலைவர் லீ ரேமண்ட், நடவடிக்கையை இப்போது எடுத்தாலும் இருபது ஆண்டு கழித்து எடுத்தாலும் பெரிய வித்தியாசம் இராது என்று பேசினார். அந்த இருபது ஆண்டும் போய்விட்டது. லாபம் அவர்களுக்கு, வெயில் நமக்கு!

நியாயத்தையும் பேசுவோம். 1988 முதல் எழுந்த தொழில்துறைப் புகையில் 71 சதவீதம் நூறு எரிபொருள் உற்பத்தியாளர்களைச் சேர்ந்தது என்றது 2017ஆம் ஆண்டு அறிக்கை ஒன்று. அவர்கள் விற்று, பிறர் எரித்ததும் அதில் சேர்ந்தே இருக்கிறது. அந்த நூறில் சர்க்கார் கம்பெனிகளும் உண்டு. சர்க்காருடையது என்பதற்காக அவற்றைக் கேளாமல் விடுவதற்கில்லை.

ஆனால் வாங்குகிறவர் எல்லோரும் ஒன்றா? 1990 முதல் 2015 வரை எழுந்த புகையில் உலகின் பணக்காரப் பத்து சதவீதத்தினரின் பங்கு 52 சதவீதம். ஏழைப் பாதி மக்களின் பங்கு 7 சதவீதமே என்று ஆக்ஸ்பாம் 2020இல் கணக்கிட்டது. சொந்த விமானத்தில் பறப்பவனையும் சைக்கிளில் ஷிப்டுக்குப் போகிறவனையும் 'நுகர்வோர்' என்ற ஒரே சாக்கில் கட்டலாமா? பஸ் எதில் ஓட வேண்டும், மின்சாரம் எதிலிருந்து வர வேண்டும் என்று நம்மை யார் கேட்டார்கள்?

தோழர்களே! வீண் விளக்கை அணைப்பது நல்ல பழக்கம். அதை விட வேண்டாம். ஆனால் உண்மையை அறிந்தும் மறைத்தவன் பொறுப்பு அதனால் தீராது. மாற்றத்தின் செலவை பஸ் கட்டணத்திலும் அடுப்பெரிப்பிலும் நம் தலையில் ஏற்ற வந்தால் நாம் சொல்ல வேண்டியது இதுதான்: முதலில் பேரேட்டைத் திறவுங்கள், சேர்த்த லாபத்திலிருந்து செலவைக் கொடுங்கள், சுரங்கத்திலும் எண்ணெய்க் கிணற்றிலும் உழைப்பவருக்கு மாற்று வேலைக்கு உத்தரவாதம் தாருங்கள். அதன் பிறகு நம் கணக்கைப் பேசுவோம்.