விடுதிக்கு முன் வீதியை எண்ணுக!

(யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் விவசாயிகளும் உத்தியோகத்தர்களும் கூடிய கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



பல்கலைக்கழகத்தின் சுற்றுப்புறத்தில் பழைய வீடுகளையும் பழைய விடுதிகளையும் இடித்து, அந்த இடங்களில் பல மாடி மாணவர் விடுதிகளை எழுப்பினால் நமது வீதிகளுக்கு என்ன நேரும் என்பதே இன்று நாம் ஆராய வேண்டிய விடயம். இது பொறியியலாளர்களின் விடயம், நமக்கென்ன என்று ஒதுங்கிவிட முடியாது. வீதி பொதுச் சொத்து. விடியுமுன் கத்தரிக்காயையும் வெங்காயத்தையும் சந்தைக்குக் கொண்டுவரும் விவசாயிக்கும், எட்டு மணி விரிவுரைக்கு விரையும் மாணவிக்கும், நோயாளியை ஏற்றிவரும் வண்டிக்கும் அதில் சம உரிமை உண்டு. அந்த உரிமையைப் பங்கிடும் கணக்குக்குப் பெயர்தான் போக்குவரத்துத் தாக்க மதிப்பீடு. கணக்குப் பிழைத்தால் பங்கீடும் பிழைக்கும். பங்கீடு பிழைத்தால் நட்டப்படுபவன் யார்? கார் வைத்திருப்பவன் வேறு வழியால் போய்விடுவான். துவிச்சக்கர வண்டியில் மூட்டையோடு வருபவனே நடுவீதியில் நிற்பான்.

ஊரின் நிலை

1974ஆம் ஆண்டு ஒக்டோபரில், பரமேஸ்வராக் கல்லூரி இருந்த வளவில், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டது. 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. திருநெல்வேலியோ அதற்கு முன்னரே செம்மண் தோட்டங்களுக்கும் சந்தைக்கும் பெயர் பெற்ற ஊர். ஆகவே பலாலி வீதியும், ஆடியபாதம் வீதியும், இராமநாதன் வீதியும் இரண்டு உலகங்களைச் சுமக்கின்றன. ஒன்று தோட்டமும் சந்தையும். மற்றது விரிவுரை மண்டபமும் மருத்துவ பீடமும். இரண்டும் நமக்கு வேண்டும். ஒன்றை வாழவைக்க மற்றதை வதைக்க வேண்டும் என்று சொல்பவர் இரண்டுக்கும் நண்பரல்லர்.

மட்டக்களப்பிலிருந்தும், வன்னியிலிருந்தும், மலையகத்திலிருந்தும், தென்னிலங்கையிலிருந்தும் பிள்ளைகள் இங்கே படிக்க வருகின்றார்கள். பல்கலைக்கழக விடுதிகளில் எல்லோருக்கும் இடம் கிடைப்பதில்லை. எஞ்சியோர் அயலிலுள்ள வீடுகளில் வாடகை அறை எடுத்துத் தங்குகின்றார்கள். ஆகையால் பழைய கட்டிடத்தை இடித்துப் பெரிய விடுதி கட்ட வேண்டும் என்ற எண்ணம் எழுவது இயல்பே. அதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் விடுதி பற்றிய பேச்சு எழுந்தவுடன் இரண்டு கூச்சல்கள் கிளம்புகின்றன. "மாணவர் குவிந்தால் வீதி அடைபடும், அனுமதிக்காதே" என்பது ஒன்று. "அபிவிருத்திக்குக் குறுக்கே நில்லாதே" என்பது மற்றது. இரண்டு கட்சியாரும் வீதியில் நின்று ஒரு வண்டியைத்தானும் எண்ணியதில்லை! எண்ணாமல் எதிர்ப்பதும் தவறு, எண்ணாமல் அனுமதிப்பதும் தவறு என்பதே நமது நிலைப்பாடு.

எதை எண்ணுவது?

மதிப்பீட்டின் முறை இரகசிய வித்தையன்று. நான்கு கேள்விகளில் அது அடங்கும். புதிய கட்டிடத்தினால் எத்தனை பிரயாணங்கள் உண்டாகும்? அவை எத்திசைக்குச் செல்லும்? நடந்தா, துவிச்சக்கர வண்டியிலா, மோட்டார் சைக்கிளிலா, பஸ்ஸிலா செல்லும்? எந்த வீதியில், எந்தச் சந்தியில், எந்த மணி நேரத்தில் போய்ச் சேரும்? இந்நான்குக்கும் விடை கண்டபின், அந்த வீதியும் சந்தியும் அச்சுமையைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் இந்த நான்குக்கும் முன்னால் ஐந்தாவது கேள்வி ஒன்று நிற்கின்றது. பெரும்பாலும் அதுவே மறக்கப்படுகின்றது. இந்த மாணவர்கள் இப்பொழுது எங்கே இருக்கின்றார்கள்? புதிய விடுதியில் வந்து தங்கப்போகும் மாணவன் வானத்திலிருந்து குதிப்பவன் அல்லன். அவன் ஏற்கெனவே எங்கேயோ தங்கி, ஏதோ ஒரு வழியால் தினமும் பல்கலைக்கழகத்துக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றான்.

கணக்கு விளங்கும்பொருட்டு ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். முந்நூறு மாணவர்கள் ஆறு கிலோமீற்றர் தொலைவில் தங்கியிருக்கின்றார்கள். அவர்களிற் பாதிப் பேர் ஆளுக்கொரு மோட்டார் சைக்கிளில் வருகின்றார்கள், மறுபாதி பஸ்ஸில் வருகின்றார்கள். போக ஆறு, வர ஆறு. நூற்றைம்பது மோட்டார் சைக்கிள்கள் ஒவ்வொன்றும் பன்னிரண்டு கிலோமீற்றர் ஓடினால், நாளொன்றுக்கு 1,800 கிலோமீற்றர் வண்டியோட்டம் நமது வீதிகளில் விழுகின்றது. அதே முந்நூறு பேரையும் பல்கலைக்கழக வாசலிலிருந்து நடந்து செல்லும் தூரத்தில் குடியமர்த்தினால், அந்த 1,800இற் பெரும்பகுதி மறைந்துவிடும். ஆகவே அருகிலே கட்டும் விடுதி வீதிக்குப் பாரமாகவும் இருக்கலாம், வீதியின் பாரத்தைக் குறைப்பதாகவும் இருக்கலாம். எதுவென்று கூச்சல் தீர்மானிக்க முடியாது. கணக்கே தீர்மானிக்க வேண்டும்.

இதன் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. ஊருக்கு நன்மை என்பதனால் ஒழுங்கைக்குத் தீமை இல்லையென்று ஆகிவிடாது. ஆறு கிலோமீற்றர் நீளத்தில் பரந்து கிடந்த சுமை, ஒரே ஒழுங்கையின் வாயிலில் வந்து குவியலாம். முந்நூறு பேர் உண்ண வேண்டும். சாப்பாட்டுப் பொதி கொண்டுவரும் மோட்டார் சைக்கிள்களும், வாசலில் காத்து நிற்கும் முச்சக்கர வண்டிகளும், தண்ணீர், எரிவாயு, குப்பை ஏற்றும் வாகனங்களும் வரும். கட்டி முடியும்வரை கல்லும் மணலும் ஏற்றிய லொறிகள் ஓடும். தவணை தொடங்கும் நாளில் பெட்டி படுக்கையோடு பெற்றோர் வந்திறங்குவார்கள். இவற்றையெல்லாம் விட்டுவிட்டு, "மாணவர்கள் நடந்துதானே போவார்கள்" என்று ஒரே வசனத்தில் அறிக்கையை முடித்தால் அது அறிக்கையாகாது.

எப்பொழுது எண்ணுவது?

வண்டிகளை எண்ணும் நாளையும் நேரத்தையும் தெரிவு செய்பவனே முடிவையும் தெரிவு செய்கின்றான். பல்கலைக்கழக விடுமுறையில் எண்ணினால் வீதி வெறுமையாகத் தெரியும். வார நடுவில் ஒரு நாளை எடுத்துக் காலை மாலை எண்ணுவது பொறியியலாளர் வழக்கம். கந்தோர் நகரங்களுக்கு அது பொருந்தும். திருநெல்வேலிச் சந்தியின் நெரிசல், சந்தை கூடும் நேரத்தையும் அறுவடைக் காலத்தையும் பொறுத்தது. நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாட்களும் அயல் வீதிகள் மூடப்பட்டு, அந்த வாகனங்கள் மற்ற வீதிகளுக்குத் திரும்புகின்றன. இவற்றை அறியாத கணக்கு இவ்வூரின் கணக்கன்று.

எந்த அளவுகோலால் எண்ணுவது என்பதும் முக்கியமானது. அமெரிக்க நாட்டின் பொறியியலாளர் சங்கத்தார் வெளியிட்ட பிரயாண வீதப் புத்தகம் உலகெங்கும் எடுத்தாளப்படுகின்றது. அதிலுள்ள வீதங்கள் பெரும்பாலும் வீட்டுக்கு வீடு கார் உள்ள புறநகர்களில் எடுக்கப்பட்டவை. அவற்றைத் துவிச்சக்கர வண்டியும் மோட்டார் சைக்கிளும் நிறைந்த நமது ஊருக்கு அப்படியே கொண்டுவந்தால், கார்த் தரிப்பிடத்துக்கு விசாலமான நிலம் ஒதுக்கப்படும், நடப்பவனுக்கு ஓர் அடி நடைபாதையும் மிஞ்சாது. ஏற்கெனவே இருக்கும் விடுதியொன்றின் வாசலில் இரண்டு நாள் நின்று எண்ணினால், அந்நியப் புத்தகம் தராத உண்மை கிடைக்கும். அதை எண்ணுவதற்கு மாணவர்களைவிடத் தகுந்தவர் யார்?

கலிபோர்னியா தரும் பாடம்

மாணவர் வீடமைப்பைப் பற்றிய இந்த வழக்கு நமக்கு மட்டும் உரியதன்று. கலிபோர்னியா மாநிலத்திலுள்ள பேர்க்லி நகரில் இது நீதிமன்றம் ஏறியது. அங்கே 1970ஆம் ஆண்டின் சுற்றாடல் தரச் சட்டம், பெரிய திட்டங்களின் தாக்கத்தை முன்கூட்டியே மதிப்பிட்டு வெளியிட வேண்டுமென்று விதிக்கின்றது. நல்ல சட்டம். ஆனால் நெடுங்காலமாக அங்கே போக்குவரத்துத் தாக்கம் என்றால், சந்தியில் ஒரு கார் எத்தனை விநாடி தாமதிக்கின்றது என்பதே அளவாக இருந்தது. அதனால் நகர நடுவில் கட்டும் வீடு குற்றவாளியாயிற்று. ஊருக்கு வெளியே வயலை அழித்துக் கட்டும் வீடு நிரபராதியாயிற்று! இந்த முரண்பாட்டைக் கண்டு 2013இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2020 யூலை முதலாந் திகதியிலிருந்து மாநிலம் முழுவதும் தாமத விநாடி அளவு கைவிடப்பட்டு, திட்டத்தினால் வாகனங்கள் மொத்தம் எத்தனை மைல் ஓடும் என்பதே அளவாயிற்று.

அதன் பின்னரும் வழக்கு ஓயவில்லை. பேர்க்லிப் பல்கலைக்கழகத்தின் மாணவர் தொகைப் பெருக்கத்தைச் சரிவர மதிப்பிடவில்லை என்ற வழக்கில், அனுமதி பெறும் மாணவர் தொகைக்கே நீதிமன்றம் எல்லை வைத்தது. 2022 மார்ச்சில் சட்டசபை அவசரச் சட்டம் இயற்றி அதை நீக்கியது. மக்கள் பூங்கா என்னும் நிலத்தில் சுமார் 1,100 மாணவர்களுக்கு விடுதி கட்டும் திட்டத்தை, மாணவர் எழுப்பும் ஓசை மதிப்பிடப்படவில்லை என்பது உள்ளிட்ட காரணங்களுக்காக, 2023 பெப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் குறை கண்டது. அதே ஆண்டில் சட்டசபை மீண்டும் சட்டத்தைத் திருத்தியது. 2024 யூன் 6ஆந் திகதி மாநில உயர் நீதிமன்றம் பல்கலைக்கழகத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது.

இதிலிருந்து நாம் கற்கும் பாடம் என்ன? அளவுகோல் தவறினால் நல்ல சட்டமும் தவறான இடத்தில் அடிக்கும். மதிப்பீடு என்பது திட்டத்தைத் திருத்தும் கருவியாக இருக்க வேண்டும். அது மாணவரை ஊருக்கு வெளியே நிறுத்தும் மதிலாக மாறினால், மக்கள் அதன்மேல் வெறுப்புற்று, இருக்கும் பாதுகாப்பையும் சட்டசபை வெட்டி எறிந்துவிடும். அங்கே நடந்தது அதுவே.

நமது சட்டம் என்ன சொல்கின்றது?

1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டம் 1988இல் திருத்தப்பட்டு, குறித்துரைக்கப்பட்ட திட்டங்களுக்கு முன்மதிப்பீடு கட்டாயமாக்கப்பட்டது. சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை முப்பது நாட்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். ஆனால் 1993 யூன் வர்த்தமானிப் பட்டியலில் வீடமைப்புத் திட்டம் இடம்பெறுவது 1,000 அலகுகளைத் தாண்டும்போதுதான். முந்நூறு மாணவர் விடுதி அந்த வலையில் சிக்காது. சிறிய ஒழுங்கையில் எழும் பெரிய விடுதி, சட்டத்தின் கண்ணுக்குச் சாதாரணக் கட்டிடமாகிவிடுகின்றது. 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழும், 1978ஆம் ஆண்டின் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழும் அதிகாரிகள் வழங்கும் கட்டிட அனுமதியே அதற்குக் கடிவாளம்.

அக்கடிவாளம் வலுவற்றது என்று நாம் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. ஹோமாகம பிரதேச சபை சம்பந்தப்பட்ட 1998ஆம் ஆண்டு வழக்கில் நமது உயர் நீதிமன்றம் ஒரு நெறியை வகுத்தது. சுற்றாடல் அனுமதிப்பத்திரம் வழங்குமுன் அதிகாரிகள் அயலவருக்கு அறிவித்து, ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும் என்பதே அந்நெறி. கட்டிட அனுமதி வேறு வகையானது என்று வாதிடுவோர் இருப்பர். ஆனால் அயலவனைக் கேட்காமல் அயலை மாற்றலாகாது என்ற நியாயம் அனுமதிக்கு அனுமதி மாறுமா? அதற்கு மேல், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கின்றது. எந்தப் பிரசையும் பிரதேச சபையிடம் விண்ணப்பித்து, வரைபடத்தையும் அறிக்கையையும் நிபந்தனைகளையும் கேட்கலாம். பதினான்கு வேலை நாட்களுள் தீர்மானம் சொல்ல வேண்டும். 2023 மார்ச் முதல் 2025 மே மாதத் தேர்தல்வரை உள்ளூராட்சிச் சபைகள் மக்கள் பிரதிநிதிகள் இன்றி இயங்கின. இன்று நாம் தெரிவு செய்த உறுப்பினர்கள் அங்கே அமர்ந்திருக்கின்றார்கள். கேள்வி கேட்க முகவரி இருக்கின்றது.

நமது கோரிக்கைகள்

முதலாவது, நூறு பேருக்கு மேற்பட்டோர் தங்கும் எந்த விடுதிக்கும், சட்டப் பட்டியலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், போக்குவரத்து மதிப்பீடு கோரப்பட வேண்டும் என்று பிரதேச சபை தீர்மானம் நிறைவேற்ற வேண்டும்.

இரண்டாவது, அந்த அறிக்கை தமிழில் எழுதப்பட்டு, சந்தையிலும் வாசிகசாலைகளிலும் வைக்கப்பட வேண்டும். விளங்காத பாஷையில் வெளியிடுவது மறைத்து வைப்பதற்குச் சமம்.

மூன்றாவது, எண்ணும் நாளும் நேரமும் விவசாயிகளோடும் மாணவர்களோடும் கலந்து தீர்மானிக்கப்பட வேண்டும்.

நான்காவது, நடைபாதை, இரவு வெளிச்சம், துவிச்சக்கர வண்டித் தரிப்பிடம், பொருள் இறக்கும் இடம் காணிக்குள்ளேயே அமைதல், சந்தை நேரத்தில் லொறிகள் வராமை ஆகியவை வாக்குறுதிகளாக அன்றி அனுமதியின் நிபந்தனைகளாக எழுதப்பட வேண்டும். அவை நிறைவேறாவிடில், கட்டிடம் அனுமதித்தபடி முடிந்தது என்ற சான்றிதழ் வழங்கப்படலாகாது. வழக்கறிஞர் தொழிலில் இருக்கும் நாம் அறிந்த உண்மை இது: எழுதாத நிபந்தனையை எந்த நீதிமன்றமும் அமுல் நடத்தித் தராது.

ஐந்தாவது, விடுதி திறந்து ஓராண்டின் பின் மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டும். முன்னறிக்கை சொன்னது உண்மையா என்று சோதிக்காவிட்டால் அடுத்த அறிக்கை எழுதுபவருக்கு அச்சம் ஏது?

விவசாயப் பெருமக்களே! இந்த விடுதிகளில் தங்கப்போகும் பிள்ளைகளிற் பலர் உங்களைப் போன்ற விவசாயிகளின் பிள்ளைகள். மாணவ நண்பர்களே! நீங்கள் உண்ணும் மரக்கறி இந்த வீதியால்தான் வருகின்றது. உங்களை ஒருவருக்கொருவர் எதிரிகளாக நிறுத்துவோர், எண்ணிப் பார்க்கும் வேலையிலிருந்து தப்ப நினைப்பவர்களே. பிரதேச சபையின் அடுத்த கூட்டத்துக்கு முன் நமது கோரிக்கை எழுத்தில் அங்கே போய்ச் சேரட்டும். அதில் தோட்டக்காரரின் கையெழுத்தும் மாணவரின் கையெழுத்தும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கட்டும்.