பதியாத பெயருக்கும் பாதுகாப்பு உண்டு

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



வைத்தியர் மேடையேறினால் நீரிழிவைப் பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் பேச வந்தது பெயரைப் பற்றி. எங்கள் தீவுகளில் ஒடியல் மா, பனங்கட்டி, மிளகாய்த்தூள், கருவாடு என்று வீட்டிலிருந்தே செய்து விற்கும் பெண்கள் பலர். தூரத்தில் இருந்து வாங்குபவர் செய்தவரின் முகத்தைக் காண்பதில்லை; பைக்கற்றில் உள்ள பெயரை நம்பியே வாங்குகிறார். அந்தப் பெயரை வேறொருவர் போட்டு விற்றால், "நாங்கள் பதியவில்லையே, என்ன செய்வது?" என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்கத் தேவையில்லை.

எங்கள் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 160ஆம் பிரிவு நேர்மையற்ற போட்டியைத் தடுக்கிறது. ஒருவருடைய குறியோடு குழப்பம் உண்டாகும்படி இன்னொருவர் வியாபாரம் செய்தால் அது நேர்மையற்ற போட்டி. அந்தக் குறி பதியப்பட்டிருந்தாலும் சரி, பதியப்படாவிட்டாலும் சரி என்று சட்டமே சொல்கிறது. பொருளின் தோற்றத்தையும், அதைப் பொதிசெய்து காட்டும் விதத்தையும் பார்த்துச் செய்து குழப்புவதும் இதில் அடங்கும். நீதிமன்றத்தில் தடையுத்தரவும் நட்டஈடும் கேட்கலாம்.

104ஆம் பிரிவு இன்னொரு வாசலைத் திறக்கிறது. நீங்கள் முன்பே பாவித்துவரும் பெயரை, அது தெரிந்திருந்தும் மற்றொருவர் தன் பெயரில் பதிய விண்ணப்பித்தால் நீங்கள் ஆட்சேபிக்கலாம். விண்ணப்பம் வர்த்தமானியில் வெளியாகி மூன்று மாதங்களுக்குள் அதைச் செய்யவேண்டும்.

திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வாவைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தப் பெயரை ஒட்டி இன்னொருவர் அல்வா விற்க, வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம் வரை போனது. பதிவு தரும் உரிமையை விட, முந்திப் பாவித்து நற்பெயர் தேடியவரின் உரிமை மேலானது என்று 2015இல் தீர்ப்பு வந்தது. அது எங்கள் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் 104ஆம் பிரிவில் இருப்பதும் அதே நியாயந்தான்.

வைத்தியருக்கு இதில் என்ன அக்கறை? 2001இல் அதே உச்ச நீதிமன்றத்தின் முன் மலேரியா மருந்துகள் இரண்டின் வழக்கு வந்தது. ஒன்றின் பெயர் ஃபால்சிகோ, மற்றதன் பெயர் ஃபால்சிடாப். உள்ளே இருந்த மருந்துகள் வேறு வேறு. மருந்தின் பெயர் மாறினால் உயிருக்கே ஆபத்து, ஆகவே மருந்துகளில் இன்னும் கடுமையாகப் பார்க்கவேண்டும் என்றது நீதிமன்றம். உணவும் அப்படித்தான். உங்கள் பெயரில் வேறொருவர் பூஞ்சணம் பிடித்த மிளகாய்த்தூளை விற்றால் நோய் வாங்கியவருக்கு, பழி உங்களுக்கு.

ஒன்றை மறக்கவேண்டாம். "ஒடியல் மா", "நெடுந்தீவுப் பனங்கட்டி" என்பவை பொருளையும் ஊரையும் மட்டும் சொல்லும் பெயர்கள். அவற்றை ஒருவர் தனக்கு மட்டும் என்று உரிமை கோர முடியாது. உங்களுக்கென்று தனித்த ஒரு பெயர் வேண்டும்.

பதியாத பெயரைக் காக்கச் சாட்சி தேவை. முதல் லேபலிலிருந்து ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி, பற்றுச்சீட்டுகள், கடைகளுக்கு அனுப்பிய கணக்கு, திகதியுள்ள படங்கள், விளம்பரங்கள் எல்லாவற்றையும் ஒரு கோவையில் போட்டு வையுங்கள். எப்போதிருந்து விற்கிறீர்கள், சனம் அந்தப் பெயரை உங்களுடையதாக அறியுமா என்பதுதான் அங்கே கேள்வி.

பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்துவிட்டோம், அது போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது வேறு, குறியைப் பதிவது வேறு. குறியைப் பதிவது கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகம். பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும்; பிறகு புதுப்பிக்கலாம். முடிந்தவர்கள் பதியுங்கள். வழக்கென்று வந்தால் கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றத்துக்கு அலையவேண்டும். ஆண்டுக்கணக்கான பாவனையை ஒவ்வொன்றாக நிரூபிப்பதை விட ஒரு சான்றிதழை நீட்டுவது எளிது. பதிய வசதியில்லாதவர்கள் கைவிடவேண்டாம். ஒரு சட்டத்தரணியின் எச்சரிக்கைக் கடிதத்தோடு நின்றுவிடும் பிணக்குகளும் உண்டு.

சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். எங்கள் பழைய மாணவியரில் சட்டம் படித்தவர்கள் இருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு நாள் ஊர்காவற்றுறையிலோ வேலணையிலோ அமர்ந்து, கைத்தொழில் செய்யும் சகோதரிகளின் கோவைகளைப் பார்த்து ஆலோசனை சொன்னால் அது இந்த நூற்றாண்டுக்குத் தகுந்த பணியாகும்.