சுங்க அதிகாரியும் நம்மவர் உரிமையும்
(சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகள் எனக் கடல் கடந்து வாழும் மக்களை உடைய குடும்பங்கள் நம் சங்கத்தில் பல. அன்னார் திருச்சியிலோ சென்னையிலோ விமானத்தினின்று இறங்குங்கால், சுங்க அதிகாரி "சற்று இப்படி வாருங்கள்" என அழைப்பாராயின், அதன்பின் அவர் செய்யத்தக்கன யாவை, செய்யத்தகாதன யாவை என்பதை எடுத்துரைக்கக் கருதினோம். கடத்துவார்க்குத் துணைபோதல் எம் கருத்தன்று.

சுங்கம் நமக்குப் புதியதன்று. 'உல்கு' என்னும் பெயரால் திருக்குறள் அதனைக் கூறும். முதற் குலோத்துங்கனோ சுங்கந் தவிர்த்த சோழன் எனப் பெயர் பெற்றான். (தங்கத்தின் வரியை நோக்குங்கால் அவனை நினையாதார் யார்!) இன்று நம்மை ஆள்வது 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம்.

பறிமுதலுக்குரிய பொருளை ஒருவர் தம் உடம்பில் மறைத்துள்ளார் என நம்புதற்குக் காரணம் இருந்தாலன்றி அவரைச் சோதித்தல் ஆகாது என்பது 100-ஆவது பிரிவு. 102-ஆவது பிரிவோ இன்னும் நுட்பமுடையது. சோதிக்கப்படுபவர் வேண்டுவாராயின், அவரை வீண் தாமதமின்றி அண்மையிலுள்ள சுங்கத்துறைக் கெஜட்டட் அதிகாரியிடமோ மாஜிஸ்திரேட்டிடமோ கொண்டுசெல்லல் வேண்டும். அவர் தக்க காரணம் காணாராயின் உடனே விடுவித்தல் வேண்டும். 'வேண்டுவாராயின்' என்னும் அவ்வொரு சொல்லிலன்றோ உரிமை முழுதும் அடங்கியுளது! கேட்பார்க்கே அஃது உண்டு. நம்மவரோ உத்தியோகஸ்தரைக் கண்டாற் கைகட்டி வாய்புதைத்து நிற்பவர். எம் கவலை இதுவே.

இரு சாட்சிகளை முன்னரே அழைத்தலும், கைப்பற்றிய பொருட்குப் பட்டியல் எழுதி அவர்தம் ஒப்பம் பெறுதலும் கேளாமலே நடைபெற வேண்டுவன. பெண்ணைப் பெண்ணே சோதித்தல் வேண்டும். உடலினுள் மறைத்ததை எக்ஸ்ரேயாற் காண, தாமே ஒப்புக்கொண்டு இசைந்தாலன்றி, மாஜிஸ்திரேட்டின் ஆணை வேண்டும்.

இனி வாக்குமூலம். 108-ஆவது பிரிவின்படி அழைக்கப்பட்டார் உண்மையே கூறக் கடமைப்பட்டவர். சுங்க அதிகாரி போலீஸ் அதிகாரி அல்லர் என 1968-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆதலின் போலீசாரிடம் கூறிய ஒப்புதல் சான்றாகாதது போல, இவரிடம் எழுதிக்கொடுத்தது தள்ளப்படுவதில்லை. அது நம்மையே பிணிக்கும். விசாரணையின்போது வழக்கறிஞரை உடன் வைத்துக்கொள்ளல் உரிமையன்று என 1992-இல் அந்நீதிமன்றமே கூறியது. எனவே படித்தறியாத தாளில் ஒப்பமிடற்க. அறியாத மொழியாயின் வாசித்துப் பொருள் கூறக் கேட்டுக்கொள்க. நிறுத்தப்பட்ட மணியையும் மனத்திற் குறித்துக்கொள்க.

கைது செய்யின் காரணம் அறிவித்தல் வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்துதல் அரசியலமைப்பின் 22-ஆவது உறுப்பு விதித்த கடமை. கைதிற்குரிய காரணத்தை எழுத்திற் பதிதலும், உறவினர்க்கு அறிவித்தலும் சுங்கத்தார்க்கும் உரியவே என 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவுறுத்தியது. காரணமின்றிச் சோதிக்கும் அதிகாரிக்கு 6 மாதம் வரை சிறையோ, 1000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டென 136-ஆவது பிரிவு கூறும். இதனை அறிந்தார் நம்முள் சிலரே.

வாக்குமூலம் அச்சுறுத்திப் பெறப்பட்டதாயின், முதன்முறை மாஜிஸ்திரேட் முன் நிற்கும்பொழுதே அதனை வாய்விட்டுக் கூறுக. பன்மாதம் கழித்துக் கூறுவதை நீதிமன்றங்கள் எளிதில் நம்பா.