கரிசற் காட்டில் கூலியும் சொத்தும்



வறுமை வேறு, ஏற்றத்தாழ்வு வேறு. ஒரு வீட்டில் எது இல்லை என்பதை முன்னது காட்டும். ஊரில் இருப்பது எவரிடம் சேர்ந்தது என்பதைப் பின்னது காட்டும். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் இவ்விரண்டையும் ஒருங்கே காணலாம்.

குண்டாறு ஓடும் நாடு என்று பெயர். ஆண்டின் பெரும்பகுதியில் அங்கு மணலே தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் நிறைந்தால் பருத்தியும் குதிரைவாலியும் மல்லியும் விளையும். மழை பொய்த்தால் நிலம் தரிசாகும். தரிசைச் சீமைக் கருவேலம் பிடித்துக்கொள்ளும். அம்மரத்தை வெட்டி அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போர்த்தித் தீயிட்டு, பிளவு கண்ட இடமெல்லாம் மண்ணப்பி, இரவு பகலாகக் காவல் காத்தால் கரி கிடைக்கும். நிலத்துக்காரர்க்கு மரவிலை, வியாபாரிக்கு மூட்டை இலாபம், புகையில் நின்றவர்க்குக் கூலி. மூவர்க்கும் வருமானம் உண்டு. வெட்டிய தூர் சில ஆண்டுகளில் தழைத்து நிலத்துக்காரர்க்கு மீண்டும் விலை தரும். கூலியாளுக்குத் தழைக்கும் தூர் எது? வருமானத்துக்கும் செல்வத்துக்கும் உள்ள வேற்றுமை இதுவே. பொருளியல் நூல்கள் இதைச் சற்றுச் சுற்றிவளைத்தே சொல்லும்.

அருப்புக்கோட்டைச் சேலைக்கு நல்ல பெயருண்டு. ஆயினும் குழித்தறி சொந்தமாயிருந்தும் பாவும் நூலும் பிறருடையவாயின், முன்பணம் பெற்ற நெசவாளர் கூலி உயர்வு கேட்கத் தயங்குவார்.

வறட்சி இவ்விடைவெளியை மேலும் அகலமாக்குகிறது. மழையற்ற ஆண்டில் பலரும் ஒரே வேளையில் உழவு மாட்டையும் காணி நிலத்தையும் விற்க வருவர். விற்போர் மிகுந்தால் விலை சரியும். கையில் ரொக்கம் உள்ளவரே வாங்குவர். அடுத்த ஆண்டு நல்ல மழை பெய்தாலும் விற்றவருக்கு உழுவதற்கு நிலமிராது.

அரசு ஒன்றும் செய்யவில்லை எனல் பொருந்தாது. விருதுநகரில் பிறந்த காமராசர் காலத்து மதிய உணவும், 1982இல் வந்த சத்துணவும், நியாயவிலைக் கடை அரிசியும் பசியை வெகுவாகத் தணித்துள்ளன. நிதி ஆயோக் கணக்கின்படி தமிழகத்தில் பல்பரிமாண வறுமையில் இருந்தோர் 2015-16இல் 4.76 விழுக்காடு, 2019-21இல் 2.20 விழுக்காடு. எனினும் 2018இல் நாட்டின் பின்தங்கிய மாவட்டங்களைத் தேர்ந்தபோது தமிழகத்திலிருந்து சேர்க்கப்பட்ட இரண்டு, விருதுநகரும் இராமநாதபுரமுமே. இந்திய அளவிலோ, 2022-23இல் மேல்தட்டு ஒரு விழுக்காட்டினர் நாட்டுச் செல்வத்தில் ஏறத்தாழ 40 விழுக்காட்டை வைத்திருந்தனர் என்பது உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகத்தின் மதிப்பீடு. வறுமை குறைவதாலேயே ஏற்றத்தாழ்வும் குறைந்துவிடும் என்பதில்லை.

அருப்புக்கோட்டைப் பக்கத்துக் குறண்டியில் ஒரு காலத்தில் திருக்காட்டாம்பள்ளி சிறந்திருந்தது; அதன் மாணாக்கர் பெயர்களை மதுரைச் சமணமலைக் கல்வெட்டுகளில் இன்றும் படிக்கலாம். அத்தகைய பள்ளிகள் இல்லறத்தார்க்கு உரைத்த ஐந்து அணுவிரதங்களுள் பொருள் வரைதலும் ஒன்று. பொருளே கூடாதென அது விலக்கவில்லை. இவ்வளவே போதும் என்று உடையவரே தமக்கு எல்லை வகுத்துக்கொள்ளச் சொல்கிறது. எல்லைக்கு மேற்பட்டதை அரிசியாகக் கொடுத்தால் ஒரு வேளைப் பசி தீரும். தறிக்கு நூலாக, கண்மாய்க்கு மராமத்தாக, மூட்டம் போடுவோர் பிள்ளையின் கல்லூரிக் கட்டணமாகக் கொடுத்தால் அடுத்த வறட்சிக்கும் அவ்வீட்டில் ஒன்று எஞ்சியிருக்கும்.