நன்னெறிக் கல்வியும் நந்தனார் வரலாறும்

(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)

 

பிள்ளைகளுக்கு நற்பண்புகளைப் புராணக் கதைகள் வாயிலாகவும் இறைவணக்கத்தின் வாயிலாகவும் புகட்டலாமா என்னும் வினாவைக் கழகத்தார் நம்முன் வைத்துள்ளனர். புகட்டலாம் என்பதே நம் கருத்து. ஆயினும், உப்பளத்திலும் துறைமுகத்திலும் உழைத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் நம் மக்கள், எக்கதையை எவ்வாறு சொல்வது என்பதில் விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

நம் கடற்கரைக்கு உரிய கதைகள் பல உண்டு. கந்தசஷ்டியில் திருச்செந்தூர்க் கடற்கரையில் சூரசம்மாரம் காணாத பிள்ளை இங்கு அரிது. பிளவுண்ட சூரன் மயிலும் சேவலும் ஆனான். முருகன் ஒன்றை ஊர்தியாகவும் மற்றொன்றைக் கொடியாகவும் ஏற்றான். பகைவனையும் திருத்தி ஏற்கும் பெருந்தன்மையை இதைவிட எளிதாக விளக்க இயலாது. நாகப்பட்டினத்து நுளையர் குலத்து அதிபத்த நாயனாரோ, நாள்தோறும் பிடிக்கும் மீன்களில் ஒன்றை இறைவனுக்கென்று கடலில் விடுவார். வலையில் ஒரே மீன் விழுந்து குடும்பம் பசித்த நாட்களிலும், விழுந்த அம்மீன் பொன்னும் மணியுமாக மின்னிய நாளிலும் அவர் சொல் பிறழவில்லை. வாக்குத் தவறாமையின் அருமை இக்கரைக்குப் புதிதன்று. 1961-இல் இறுதியாக நடந்த முத்துக்குளிப்பு வரையில், மூழ்கியவரின் உயிர் தோணியில் கயிறு பிடித்து நின்றவரின் கவனத்தில் அன்றோ இருந்தது!

இனி, நம் நெஞ்சைத் தைக்கும் கதைக்கு வருவோம். ஆதனூர் நந்தனார் கோயில் முரசுகளுக்குத் தோலும், யாழுக்கு நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் அளித்தவர் என்று சேக்கிழாரின் பெரியபுராணம் கூறுகிறது. அவர் தந்த தோல் சந்நிதியில் முழங்கியது. அவரோ வெளியே நின்றார். திருப்புன்கூரில் நந்தி விலகிற்று, வாயில் திறக்கவில்லை. தில்லையில் தீ மூழ்கி, பூணூல் அணிந்த முனிவராக எழுந்த பின்னரே உள்ளே சென்றார். கோபாலகிருஷ்ண பாரதியார் 19-ஆம் நூற்றாண்டில் இயற்றிய கீர்த்தனையில் கொடிய பண்ணையார் ஒருவரும் சேர்ந்தார்.

இதைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள், “சார், அவர் என்ன தப்புச் செய்தார்?” என்று கேட்கின்றனர். ‘பக்தியின் பெருமை’ என்று கூறி அவ்வினாவை மூடிவிடலாகாது. பிறப்பில் மாசு உண்டு, அதைத் தீ கழுவிற்று என்ற எண்ணம் ஒரு குழந்தையின் உள்ளத்தில் விழுமாயின், நாம் புகட்டியது நன்னெறி ஆகாது. அவர் ஒரு தப்பும் செய்யவில்லை, தவறு கதவை அடைத்தவர்களுடையது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். ஏகலைவன் கதையையும் குருபக்தியோடு முடித்துவிட்டால், கட்டைவிரலைக் கேட்ட ஆசிரியரைப் பற்றி ஆசிரியர்களாகிய நாமே வாய்மூடியவர்கள் ஆவோம்.

நந்தனார் கதை தில்லையோடு முடியவில்லை என்பதையும் சொல்லுவோம். சுவாமி சகஜானந்தர் அதே சிதம்பரத்தில் 1916-இல் நந்தனார் பெயரால் கல்விக் கழகம் நிறுவினார். உள்ளே விடப்படாதவரின் பெயர் ஒரு பள்ளி வாயிலில் எழுதப்பட்டது. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நம்மவர் நுழைந்தனர். கக்கன் அவர்களும் அதில் பங்கேற்றார். 1947-இல் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. பணிவோடு துணிவும் நற்பண்பே என்பதற்கு இவை சான்றுகள்.

இறைவணக்கம் பற்றி ஒரு சொல். முழுவதும் அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் சமயபோதனை கூடாது என்று அரசியலமைப்பின் 28-ஆம் பிரிவு விதிக்கிறது. அங்கு இக்கதைகள் இலக்கியமாகவே இடம்பெறட்டும். நம் மாலை வகுப்புகளில் வழிபாடு விரும்புவோர்க்கே உரியதாகட்டும்; நம் பிள்ளைகளுள் கிறித்தவரும் உளர். வழிபாட்டை முன்னின்று நடத்தும் பொறுப்பு, சிறுமியர் உட்பட, முறைவைத்து ஒவ்வொரு பிள்ளைக்கும் வரட்டும். முன்னோர் வெளியே நின்றனர். பேரப்பிள்ளை முன்வரிசையில் நின்று உரத்த குரலில் வணங்கட்டும்.

பெற்றோர்களே! வீட்டிலும் இக்கதைகளைச் சொல்லுங்கள். பிள்ளை இடைமறித்துக் கேட்டால் அதட்டாதீர்கள். இருபத்தைந்து ஆண்டுகளாக இக்கழகம் ஏற்றிவைத்த விளக்கு மேன்மேலும் ஒளிர்க!